பத்தில் ஒரு விநாடி

ஆசிரியருக்கு வணக்கம். நீச்சல் வீரர்கள் நடிகர்களான கதை என்றாலே எல்லோரும் டார்ஜான் வேடம் போட்ட ஜானி வெய்ஸ்முல்லரோடு நிறுத்திவிடுகிறார்கள். சரி, 5 ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், மறுக்கவில்லை. ஆனால் பஸ்டர் க்ராப்? ஹவாயில் வளர்ந்த அவர் 1928 ஆம்ஸ்டர்டாமில் 1500 மீட்டரில் வெண்கலம் வாங்கி, அப்புறம் 1932 லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டரில் பிரான்ஸின் ஜான் தாரியை வெறும் 0.1 விநாடியில் முந்தித் தங்கம் வென்றார். ஒரு கை வீச்சுகூட இல்லை அந்த இடைவெளி! அடுத்த ஆண்டே அவரும் டார்ஜானாக நடித்தார், 1936-ல் ‘பிளாஷ் கார்டன்’ தொடர்படத்தின் நாயகனும் அவர்தான். அந்த 400 மீட்டர் பந்தயத்தைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை போடுங்கள்.