புகார் கடிதம்: ராம் நினைவகம் கூட்டிய ஆறு கணினிகளில் ஐந்தில் கோளாறு

அனுப்புநர்:
கணினிப் பொறுப்புக் குழு,
தமிழ் மாலை வகுப்பு,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
கணினி விற்பனை மற்றும் பழுதுபார்ப்பு நிறுவனம்,
டர்பன்.

நாள்: 17 ஜூன் 2025

பொருள்: மேசைக் கணினிகளுக்குக் கூடுதல் ராம் பொருத்தியதில் உள்ள பிழைகள், காணாமல் போன பழைய ராம், ராம் செருகும் ஸ்லாட்டின் உடைந்த கிளிப் ஆகியவை குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

மே மாதம் எங்கள் வகுப்பின் ஆறு மேசைக் கணினிகளையும் உங்கள் பட்டறைக்கு எடுத்துச் சென்று, ராம் கூட்டித் திருப்பித் தந்தீர்கள். நீங்கள் தந்த விலைப்பட்டியலில் “ஒவ்வொன்றும் 16 ஜிபி, சோதிக்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறது. திறந்து பார்த்ததில் 1ஆம் எண் கணினி மட்டுமே ஆர்டரில் சொன்னபடி இருக்கிறது. மற்ற ஐந்திலும் ஏதாவது ஒரு பிழை. ஆர்டர் பேசியது தமிழில் என்பதால் கடிதத்தையும் தமிழில் எழுதுகிறோம். உங்கள் கணக்குப் பிரிவுக்காக ஆங்கிலப் படி ஒன்றும் கூடவே வருகிறது.

நாங்கள் கேட்டது சிறிய வேலைதான். ஆறும் ஒரே மாதிரியான கணினிகள்: இன்டெல் கோர் ஐ5-10400 சிப், பி460 மதர்போர்டு, ஏ1, ஏ2, பி1, பி2 என நான்கு ராம் ஸ்லாட். ஒவ்வொன்றிலும் ஏ2 ஸ்லாட்டில் 8 ஜிபி டிடிஆர்4-2666 ராம் ஸ்டிக் ஒன்று இருந்தது (டிடிஆர்4 என்பது வகை, 2666 என்பது வேகம்). அதோடு அதே அளவு, அதே வேகம், 1.2 வோல்ட், இசிசி என்ற பிழைதிருத்த வசதி இல்லாத புதிய ஸ்டிக் ஒன்றை பி2 ஸ்லாட்டில் பொருத்தி, ஏ, பி என்ற இரண்டு சேனலிலும் (சிப்புக்கும் ராமுக்கும் இடையிலான தரவுப் பாதைகள்) ஓடும் 16 ஜிபியாக ஆக்க வேண்டும். எந்த ஸ்லாட் என்பதுகூட ஆர்டர் தாளில் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு வரும் அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிவதால், அதற்குள் எல்லாவற்றையும் விண்டோஸ் 11க்கு மாற்றிவிட வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே.

முதலில் 2, 6 எண் கணினிகள். இவற்றில் புதிய ஸ்டிக்கை ஏ1 ஸ்லாட்டில், பழைய ஸ்டிக்குக்கு ஒட்டினாற்போல் செருகியிருக்கிறார்கள். விண்டோஸ் 16 ஜிபி என்று காட்டுகிறது, கணினியும் ஓடுகிறது. அதனால் சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் ஏ1, ஏ2 இரண்டும் ஒரே சேனலைச் சேர்ந்தவை. பி சேனல் முழுக்கக் காலியாக நிற்கிறது. கணினிப் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் நிரலின் மெமரி பக்கத்தைத் திறந்தால் ஒற்றைச் சேனல் என்றுதான் வருகிறது. டிடிஆர்4-2666 ஒரு சேனலில் நொடிக்குச் சுமார் 21 ஜிபி தரவை நகர்த்தும். இரண்டு சேனலும் வேலை செய்தால் சுமார் 42 ஜிபி. எங்கள் கணினிகளில் தனிக் கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. சிப்புக்குள் இருக்கும் யுஎச்டி 630 கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை. அது இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஆகவே சேனல் பாதியானதும் முதலில் அடிபடுவது காணொளிதான். சென்னை ஆசிரியரோடு நேரலையில் இருந்துகொண்டே பாடத் தாளைத் திறந்தால் படம் தடுமாறுகிறது. அதே பாடம் 1ஆம் எண் கணினியில் தங்கு தடையின்றி ஓடுகிறது. கொள்ளளவுக்கு மட்டுமல்ல, வேகத்துக்கும் சேர்த்துத்தான் நாங்கள் பணம் கட்டினோம்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது 3ஆம் எண் கணினி. ஒவ்வொரு கணினியிலும் இருந்த ஸ்டிக்கின் பார்ட் எண்ணும் சீரியல் எண்ணும் எங்கள் சொத்துப் பதிவேட்டில் உண்டு. இந்தக் கணினியில் இருந்த பழைய ஸ்டிக் இப்போது அதில் இல்லை. அதற்குப் பதிலாக எங்களுக்குத் தெரியாத இரண்டு ஸ்டிக்குகள் இருக்கின்றன. ஒன்று 2666, மற்றொன்று 2400. வேகம் வேறுபட்டால் மெதுவான ஸ்டிக்கின் வேகத்துக்கே எல்லாம் இறங்கும் என்பதால் கணினி இப்போது 2400இல்தான் ஓடுகிறது. பயாஸிலும் (போர்டின் தொடக்க அமைப்புத் திரை) விண்டோஸ் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்திலும் இதைக் காணலாம். அந்த 2400 ஸ்டிக்கின் தங்க முனைகளில் பலமுறை செருகி எடுத்த கோடுகள் தெரிகின்றன; ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கிறது; ஸ்லாட்டுக்குள் அழிரப்பர் துகள் கிடந்தது. முனைகளை அழிரப்பரால் தேய்ப்பது பல பட்டறைகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் அது மெல்லிய தங்கப் பூச்சையே சுரண்டிவிடும். உதிரும் துகள் ஸ்லாட்டின் முள்களுக்கு இடையே போய் அடைத்துக்கொள்ளும். அழுக்கு எடுக்க வேண்டுமானால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணி போதும். புதிய ஸ்டிக்குக்கு அதுகூடத் தேவையில்லை. பட்டியலில் “புதியது” என்று எழுதியதற்கு விளக்கம் வேண்டும்.

இந்தக் கணினி வேலை நடுவில் உறைந்துபோகிறது. சில சமயம் நீலத்திரை வந்து தானே மறுதொடக்கம் ஆகிறது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை யுஎஸ்பியிலிருந்து ஓட்டினோம். முதல் சுற்றிலேயே பிழைகள் வந்தன, அதுவும் ஒவ்வொரு முறையும் அதே முகவரிகளில். பிறகு ஸ்டிக்குகளைப் பிரித்து, ஏ2 ஸ்லாட்டில் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டினோம். 2666 ஸ்டிக் நான்கு சுற்றும் பிழையின்றி முடித்தது. 2400 ஸ்டிக் அதே ஸ்லாட்டில் மறுபடி பிழை காட்டியது. அதையே 1ஆம் எண் கணினியில் மாற்றி வைத்தபோது பிழையும் கூடவே வந்தது. ஆகவே பழுது ஸ்லாட்டிலோ போர்டிலோ இல்லை, அந்த ஸ்டிக்கில்தான். ராம் சோதனையில் ஒரு பிழை வந்தாலும் ஸ்டிக்கை மாற்றத்தான் வேண்டும். “கொஞ்சம்தானே” என்று விட முடியாது. கெட்ட முகவரியில் விழும் தரவு எந்தக் கோப்பைக் கெடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாணவர் பதிவேடும் கட்டணக் கணக்கும் இந்தக் கணினியில்தான் இருக்கின்றன. இப்போதைக்கு இதை அணைத்து வைத்திருக்கிறோம்.

4ஆம் எண் கணினி உங்கள் வண்டியிலிருந்து இறக்கியபோதே திரை வராமல் நின்றது. போர்டின் மெமரி எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. மூடியைத் திறந்தால் பி2 ஸ்லாட்டின் ஒரு முனைக் கிளிப் உடைந்திருக்கிறது. உடைந்த துண்டைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்! அந்த முனையில் ஸ்டிக் சற்றுத் தூக்கலாக நிற்கிறது. அழுத்திவிட்டால் கணினி எழும்பும். மேசையை நகர்த்தினால் மறுபடி படுத்துவிடும். கிளிப் எப்படி உடைகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டிடிஆர்4 ஸ்டிக்கில் 288 முனைகள். வெட்டுப்பள்ளம் நடுவிலிருந்து சற்று விலகியிருக்கும். முதலில் இரண்டு கிளிப்பையும் முழுக்க விரித்து, வெட்டுப்பள்ளத்தை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, ஸ்டிக்கை நேராக நிறுத்தி, இரு முனையிலும் இரண்டு கட்டைவிரலால் சேர்த்து அழுத்த வேண்டும். சரியாக இறங்கினால் கிளிப்புகள் தாமே எழும்பி ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். ஸ்டிக் உள்ளே போகாமலேயே கிளிப்பை விரலால் தள்ளிப் பூட்டப் பார்த்தாலோ, ஒரு முனையை மட்டும் பலமாக அமுக்கினாலோ பிளாஸ்டிக் முறியும். முறிந்ததைச் சொல்லியிருந்தால் அன்றே பேசித் தீர்த்திருக்கலாம். பசை போட்டு மறைத்ததை எங்களால் ஏற்க முடியாது.

5ஆம் எண் கணினியில் பொருள் சரி, ஸ்லாட்டும் சரி. விண்டோஸ் 16 ஜிபி என்று காட்டி, பயன்படுத்தக்கூடியது 7.9 ஜிபி என்கிறது. கிராஃபிக்ஸுக்காகச் சிறிது ஒதுக்கப்படுவது வழக்கம், மற்றவற்றில் 15.8 என்று வருகிறது, அது குறையல்ல. இதில் சிஸ்டம் கான்ஃபிகரேஷனில், பூட் பகுதியின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் மெமரி’ என்ற கட்டத்தில் டிக் இருந்தது, எண் 8192. டிக்கை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்ததும் சரியாகிவிட்டது. இதை நாங்களே முடித்துவிட்டோம், உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. “சோதிக்கப்பட்டது” என்ற சொல்லின் தரத்துக்கு இது சாட்சி என்பதால் குறிப்பிடுகிறோம்.

தொலைபேசியில் உங்கள் பிரிவு தந்த பதில், “லோட் ஷெட்டிங்கால் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டால்) வந்த பழுது, எங்கள் பொறுப்பில்லை” என்பது. இந்த ஊரில் மின்சாரம் போய் வரும்போது பொருள்கள் கெடுவது உண்மை. பவர் சப்ளையும் ஹார்ட் டிஸ்க்கும் அப்படிக் கெட்டுப் பார்த்திருக்கிறோம். ஆனால் மின்சாரம் ஒரு ஸ்டிக்கை பி2விலிருந்து ஏ1க்கு நகர்த்தாது. 2666ஐ 2400 ஆக்காது. சீரியல் எண்ணை மாற்றாது. கிளிப்பில் பசை பூசாது. மீதி இருப்பது 3ஆம் எண் கணினியின் பிழைகள் மட்டும். அதற்கும் இந்தக் காரணம் பொருந்தவில்லை. ஆறு கணினியும் யுபிஎஸ்ஸில் ஓடுகின்றன. 230 வோல்ட் மின்சாரம் பவர் சப்ளையைத் தாண்டி, போர்டின் ரெகுலேட்டரைத் தாண்டித்தான் 1.2 வோல்ட்டாக ராமுக்கு வருகிறது. அந்த வழியெல்லாம் கடந்து வந்து, பக்கத்து ஸ்லாட்டில் இருக்கும் ஸ்டிக்கை விட்டுவிட்டு, கீறல் விழுந்த ஸ்டிக்கை மட்டும் ஒரு மின்வெட்டு கெடுத்தது என்றால் யார் நம்புவார்கள்?

எங்களுக்கு வேண்டியவை இவை.

2, 6 எண் கணினிகளில் புதிய ஸ்டிக்கை பி2 ஸ்லாட்டுக்கு மாற்ற வேண்டும். இதை எங்கள் வகுப்பறையிலேயே செய்யலாம். கணினிகளை மறுபடி பட்டறைக்கு அனுப்ப மாட்டோம். மின் கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, நிலைமின்சாரம் தடுக்கும் கைப்பட்டை கட்டிக்கொண்டு செய்யட்டும். டர்பன் ஈரக்காற்றுள்ள ஊர், நிலைமின் இங்கே வராது என்று சொல்ல வேண்டாம். குளிர்காலத்தில் உள்நாட்டுக் காற்று வீசும் நாள்களில் இங்கேயும் காற்று வறண்டுவிடும். இவ்வளவு காலம் காலியாக இருந்த பி2 ஸ்லாட்டில் தூசு படிந்திருக்கும். செருகுமுன் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். மாற்றியபின் முதல் தொடக்கத்தில் போர்டு ராமைப் பழக்கிக்கொள்ளும் வரை திரை சிறிது நேரம் கறுப்பாக இருக்கும். அதைப் பார்த்துப் பதறி அணைத்துவிடக் கூடாது.

3ஆம் எண் கணினிக்கு, உறை பிரிக்காத 8 ஜிபி டிடிஆர்4-2666 புதிய ஸ்டிக் ஒன்றும், எங்கள் பழைய ஸ்டிக்கும் வேண்டும். பதிவேட்டிலுள்ள சீரியல் எண் இணைப்பில் இருக்கிறது. பழையது இப்போது உங்களிடம் இல்லை என்றால் புதிய ஸ்டிக் இரண்டாகத் தர வேண்டும். இதற்கு 3200 ஸ்டிக் கொடுத்தாலும் மறுக்க மாட்டோம். இந்தச் சிப்பில் அது 2666க்கு இறங்கி ஓடும். 2400 மட்டும் வேண்டாம்.

4ஆம் எண் கணினிக்கு மதர்போர்டு மாற்ற வேண்டும். அதே மாதிரி கிடைக்காவிட்டால் இந்தச் சிப்புக்கான எல்ஜிஏ1200 சாக்கெட் உள்ள, நான்கு ராம் ஸ்லாட் கொண்ட பி560 போர்டு போதும். 10ஆம் தலைமுறைச் சிப்பை அது ஏற்கும். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டைத் தந்து கணக்கை முடிக்க வேண்டாம். போர்டு மாறினால் விண்டோஸ் ஆக்டிவேஷன் (உரிமப் பதிவு) போய்விடக்கூடும்; டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கத்தால் பூட்டப்பட்டிருப்பதால் மீட்புச் சாவியும் கேட்கும். சாவி எங்களிடம் இருக்கிறது, கழற்றுமுன் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆக்டிவேஷனைச் சரிசெய்து தருவது உங்கள் பொறுப்பு.

எல்லாம் முடிந்தபின் ஐந்து கணினியிலும் மெம்டெஸ்ட்86 நான்கு சுற்று முழுமையாக ஓடி, பிழை பூஜ்யம் என்ற முடிவுத் திரையின் படத்தையும், இரட்டைச் சேனல் என்று காட்டும் சிபியு-இசட் படத்தையும் கணினி எண்ணோடு சேர்த்துத் தர வேண்டும். 16 ஜிபிக்கு இது பல மணி நேரம் பிடிக்கும். இரவில் ஓடவிட்டு மறுநாள் வந்து பார்த்துக்கொள்ளலாம். அறைச் சாவிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.

தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008 (எண் 68), இதில் எங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது. 54ஆம் பிரிவு தரமான சேவையைக் கேட்கும் உரிமையைத் தருகிறது. 55, 56ஆம் பிரிவுகளின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது நீக்குவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்று தேர்வு செய்யும் உரிமை வாங்கியவருடையது. எங்கள் தேர்வு, மாற்றித் தருவது. உங்கள் கையில் இருந்தபோது எங்கள் பொருளுக்கு வந்த சேதத்துக்கு 65ஆம் பிரிவு உங்களைப் பொறுப்பாக்குகிறது. கழற்றிய பாகங்களைத் தனியே வைத்திருந்து, சுத்தமான உறையில் திருப்பித் தர வேண்டும் என்பது 67ஆம் பிரிவு. வேண்டாம் என்று நாங்கள் எங்கும் எழுதித் தரவில்லை.

கடிதம் கிடைத்ததிலிருந்து 15 வேலை நாள்களுக்குள் எழுத்தில் பதிலும், ஆள் வரும் தேதியும் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் பொருள் மற்றும் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் அப்படியே கொடுப்போம்.

1ஆம் எண் கணினியைப் பொருத்தியவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்: சரியான ஸ்லாட், முழுதாகப் பூட்டிய கிளிப், அழகாகக் கட்டிய கம்பிகள். முடிந்தால் அவரையே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பொறுப்புக் குழு,
தமிழ் மாலை வகுப்பு, சாட்ஸ்வொர்த்.

இணைப்பு: ஆர்டர் தாள், பட்டியல், சொத்துப் பதிவேட்டின் படி, மெம்டெஸ்ட்86 திரைப் படங்கள், பி2 கிளிப்பின் படம், இக்கடிதத்தின் ஆங்கிலப் படி.