குடியிருப்போர் நலச் சங்கம், கும்பகோணம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக்குழு நண்பர்களே, இன்று வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

பொங்கலுக்குக் கோலப்போட்டி நடந்தது. குடியரசு தினத்தன்று கொடியேற்றி இனிப்பு வழங்கினோம். இரண்டாம் தெரு விளக்குகள் இரண்டு மாத அலைச்சலுக்குப் பிறகு எரிகின்றன. போலியோ சொட்டு மருந்து முகாமுக்குப் பந்தலும் மேஜையும் கொடுத்தோம். நிர்வாகக்குழு ஏழு முறை கூடியது. அதில் மூன்று முறை போதிய ஆள் வராமல் கலைந்தது. வருடாந்திரச் சுற்றுலா நடக்கவில்லை.

அந்தச் சுற்றுலாப் பணம் எங்கே போனது என்று போன கூட்டத்தில் கேட்டார்கள். அன்று முழுதாகப் பதில் சொல்ல விடவில்லை. இன்று சொல்லிவிடுகிறேன். நம் தெருக்களில் யானைக்கால் வீக்கத்தோடு இருக்கும் பதினொரு பேருக்கு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால் பராமரிப்பு நடத்துகிறோம். அந்தப் பணம் அதற்குத்தான் செலவானது. நான் தனியாக எடுத்த முடிவு இல்லை. தீர்மானம் பதிவேட்டில் இருக்கிறது.

"நோய்தான் போய்விட்டதே, இப்போது எதற்கு இது?" என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நியாயமான கேள்வி. இளையவர்களுக்கு விவரம் தெரியாது. கும்பகோணம் என்றால் இன்று வெற்றிலையும் டிகிரி காபியும் நினைவுக்கு வருகின்றன. என் சின்ன வயதில் வெளியூரில் ஊர்ப் பெயரைச் சொன்னால் முதலில் காலைத்தான் பார்ப்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் கொலுசைப் பார்க்கிற சாக்கில் கணுக்காலைப் பார்த்துவிட்டுப் போன காலம் அது. இந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையில் வளர்ந்து இரவில் கடிக்கும். நோய்க்குக் காரணமான ஃபைலேரியா புழுவின் குஞ்சுகளும் இரவில்தான் ரத்த ஓட்டத்துக்கு வரும். சுகாதாரத் துறையினர் ரத்தம் எடுக்க நாம் படுக்கப் போகும் நேரத்தில் கதவைத் தட்டியது அதனால்தான்.

உலக சுகாதார நிறுவனம் இந்த நோயை ஒழிக்க உலகளாவிய திட்டத்தை 2000இல் தொடங்கியது. நம் மாநிலத்தில் கடலூர்ப் பக்கம் 1996லேயே டிஇசி என்கிற யானைக்கால் நோய் மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். பிறகு அதோடு அல்பெண்டசோல் என்கிற பூச்சி மாத்திரையும் சேர்ந்தது. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், கடுமையாக நோயுற்றவர்கள் தவிர எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை விழுங்க வேண்டும். தாய்ப்புழு உடம்பில் ஆறேழு வருடம் வாழும். மாத்திரை முக்கியமாக அதன் குஞ்சுகளைத்தான் அழிக்கும். அதனால் ஒரு வருடம் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினால் பயனில்லை. குறைந்தது ஐந்து வருடம், மொத்த மக்களில் நூற்றுக்கு 65 பேராவது விழுங்கினால்தான் பரவல் அறும். மாத்திரை கொடுத்த கணக்கு வேறு, விழுங்கிய கணக்கு வேறு என்பது வீடு வீடாகப் போனவர்களுக்குத் தெரியும். வாங்கி மேஜை டிராயரில் போட்டவர்கள் நம் தெருவிலும் உண்டு. அதனால்தான் கடைசியில் கண் முன்னாலேயே விழுங்கச் சொன்னார்கள்.

பலன் கிடைத்தது. 2000இல் உலகில் சுமார் 20 கோடிப் பேருக்கு இருந்த தொற்று, 2018இல் சுமார் 5 கோடியாகக் குறைந்தது. இலங்கையும் மாலத்தீவும் 2016இல், வங்கதேசம் 2023இல் ஒழிப்புச் சான்று பெற்றன. இந்தியா 2027ஐ இலக்காக வைத்திருக்கிறது. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் பக்கமெல்லாம் இன்னும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒழிப்பு என்பதில் இரண்டு வேலை இருக்கிறது. புதிதாக யாருக்கும் வராமல் தடுப்பது ஒன்று. ஏற்கெனவே வீங்கிப்போன காலோடு இருப்பவர்களுக்குப் பராமரிப்பு கிடைக்கச் செய்வது இன்னொன்று. சான்று கேட்கும் நாடு இரண்டையும் காட்ட வேண்டும். மாத்திரையால் புழுவை அழிக்கலாம், வீங்கிய காலைப் பழையபடி ஆக்க முடியாது. நம் பதினொரு பேரும் அந்த இரண்டாவது கணக்கில் இருப்பவர்கள்.

முதல் ஞாயிறு ஓர் அம்மாள் வந்தார். கடைசித் தெரு, எழுபது வயதுக்கு மேல். பிளாஸ்டிக் பேசினில் காலை வைக்கச் சொன்னோம். பாதம் உள்ளே நுழையவில்லை. சமையல் கூடத்திலிருந்து அலுமினிய அண்டாவைக் கொண்டு வந்தோம். ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா சாதாரணத் தண்ணீரும் சோப்பும் கொண்டு, தோல் மடிப்புக்குள் விரலை விட்டு, மெதுவாகக் கழுவினார். விரல் இடுக்குகள் வெள்ளையாக ஊறிப்போய், சின்னச் சின்ன வெடிப்போடு இருந்தன. கிருமி உள்ளே போகும் வழி அதுதான். குளிர் காய்ச்சலும் நெறி கட்டுவதும் அதனால்தான், ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பெருக்கும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, இடுக்கில் களிம்பு தடவினார். "இதுக்குத்தானா தம்பி, இத்தனை வருஷம் மஞ்சளை அப்பிக்கிட்டுக் கெடந்தேன்?" என்று கேட்டார் அந்த அம்மாள். முன்பெல்லாம் மாதம் தவறாமல் காய்ச்சல் வருமாம். கடந்த ஐந்து மாதத்தில் ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. நம் முனையில் செருப்புத் தைக்கும் அண்ணன் அகலப் பட்டை வைத்து ஆறு ஜோடி செய்து கொடுத்தார். பல வருடமாக வெறுங்காலோடு நடந்தவர்கள் இன்று செருப்புப் போட்டுக் கோவிலுக்குப் போகிறார்கள். சுற்றுலாவை விட்டதற்கு இதைவிட வேறு பதில் என்னிடம் இல்லை.

வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். பதிவேட்டில் உறுப்பினர்கள் 112 பேர். சந்தா கட்டியவர்கள் 58 பேர். மாத்திரைக்குச் சொன்ன அந்த 65 சதவீதத்தைக்கூட நாம் எட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்த பதினாறு பேரில் தொடர்ந்து வந்தவர்கள் நான்கு பேர். தண்ணீர் தூக்கவும் துண்டு துவைக்கவும்தான் ஆள் கேட்டோம். காலைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வீட்டில் தடுத்திருக்கிறார்கள். கொசு மூலமாகத்தான் பரவும்; தொட்டால் வராது. படித்தவர்கள் வீட்டிலேயே இந்தப் பேச்சு இருப்பது எனக்குத் தாங்கவில்லை.

வரவு செலவை நம் பொருளாளர் தனியாக வாசிப்பார். மொத்தத்தில் இருப்பு போன ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. சோப்பு, களிம்பு, செருப்பு, அண்டா எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. பாக்கிச் சந்தா வந்துவிட்டால் கணக்கு நேராகிவிடும்.

மண்டபம் தந்தவருக்கும், கணக்குப் பார்த்தவருக்கும், நர்ஸ் அம்மாவுக்கும், செருப்புத் தைத்த அண்ணனுக்கும், பொறுமையாக இருந்த என் வீட்டாருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளராக இருக்க எனக்கு ஆசை இல்லை என்று சிலரிடம் சொன்னது உண்மைதான். ஆள் கிடைத்தால் சாவியையும் பதிவேட்டையும் இன்றே தருகிறேன். யார் வந்தாலும் கால் பராமரிப்பை மட்டும் நிறுத்த வேண்டாம். நான்காம் தெருச் சாக்கடை இன்னும் மூடப்படவில்லை. 2028 மகாமகத்துக்கு ஊரே நிரம்பும், அதற்குள் அதையும் முடிக்க வேண்டும். தெருவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். அடுத்த முறை வரும் மாதம் முதல் ஞாயிறு, காலை எட்டு மணி, இதே மண்டபம். வரும்போது ஒரு பழைய பருத்தித் துண்டும், பாக்கி இருந்தால் சந்தாவும் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்