முக்கோணக் காந்தங்களும் படிகத்தின் தூய்மையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் குவாண்டம் பொருள்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். முக்கோண அடுக்குகளைக் கொண்ட காந்தப் பொருள்களில் 'குவாண்டம் சுழற்சித் திரவம்' எனும் நிலை, அதாவது அணுக்களின் காந்தத் திசைகள் மிகத் தாழ்ந்த வெப்பநிலையிலும் ஓர் ஒழுங்கில் உறைந்துவிடாத நிலை, தேடப்படுவதை அது தெளிவாக விளக்கியது. எனினும், அப்பொருள்களைப் பழுதின்றி உருவாக்குவதில் உள்ள பாடு அதில் இடம்பெறவில்லை. இத்துறையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

அண்டை அணுக்களின் காந்தத் திசைகள் எதிரெதிராக நிற்க முயலும் பொருளில், முக்கோணத்தின் இரு முனைகள் மேலும் கீழுமாக அமைந்துவிட்டால், மூன்றாவது எப்படி நின்றாலும் ஏதேனும் ஒன்றோடு முரண்பட்டே ஆக வேண்டும். இவ்விரு திசைகள் மட்டுமே உள்ள முக்கோணத் தளம் தனிச்சுழி வெப்பநிலையிலும் (இயலக்கூடிய மிகத் தாழ்ந்த வெப்பநிலை) ஒழுங்குக்கு வராது என்று 1950-இல் இயற்பியலாளர் வானியர் கணக்கிட்டுக் காட்டினார். அணுக்களின் காந்தத் திசைகள் இணை சேர்ந்தும் இணை மாறியும் உறையாமலேயே இருக்கும் குவாண்டம் நிலையை 1973-இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் முன்மொழிந்தார். ஆனால், மிக எளிய குவாண்டம் முக்கோண மாதிரியில் அணுக்களின் காந்தத் திசைகள் ஒன்றுக்கொன்று 120 பாகைக் கோணத்தில் ஒழுங்குபட்டுவிடுகின்றன என்பதைப் பிற்காலக் கணக்கீடுகள் உணர்த்தின. ஆகவே, எந்த அணுவை முனைகளில் வைப்பது, அடுக்குகளுக்கு இடையே எதை நிரப்புவது என்று திட்டமிட்டே பொருளை வடிவமைக்க வேண்டியுள்ளது.

இட்டெர்பியம் (காந்தத்தன்மை தரும் உலோகம்), மக்னீசியம், காலியம் ஆகியவற்றின் ஆக்சைடு ஒன்று 2015 முதல் பெரும் நம்பிக்கையை ஊட்டியது. அதன் இட்டெர்பியம் அடுக்கு ஒழுங்கான முக்கோணத் தளம். மறுஆண்டு, நியூட்ரான் துகள்களைப் பாய்ச்சி அவை சிதறுவதை அளந்து வெளியான முடிவுகளும் சுழற்சித் திரவத்தில் எதிர்பார்க்கப்படும் பரவலான நிறமாலையைக் காட்டின. ஆயினும் இடையடுக்குகளில் மக்னீசியமும் காலியமும் ஒரே வகை இடங்களில் தாறுமாறாகக் கலந்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு இட்டெர்பியத்தைச் சுற்றியுள்ள மின்சூழலும் வேறுபடுகிறது. இந்தக் கலப்பே திரவநிலையைப் போன்ற தோற்றத்தைத் தரக்கூடும் என்ற ஐயம் வலுத்தது. 2018-இல் ஓர் ஆய்வுக்குழு அதனை உறைந்த, ஒழுங்கற்ற காந்தநிலை என்றே மதிப்பிட்டது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. சோடியமும் இட்டெர்பியமும் தனித்தனி அடுக்குகளில் அமையும் சேர்மங்களை நோக்கி ஆய்வாளர்கள் திரும்ப இந்த அனுபவமும் காரணமாயிற்று.

சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் ஸ்லோவேனிய நாட்டினரோடு சேர்ந்து ஆராய்ந்த நியோடிமியம், டான்டலம் ஆக்சைடு 2022-இல் சுழற்சித் திரவமாக இருக்கக்கூடிய பொருள்களின் வரிசையில் இடம்பெற்றது. நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. அதைக்கூட 'சான்றுள்ள வேட்பாளர்' என்று சொல்வதே முறை. 'கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது' என்பது அவசரம்.

எனவே, இத்தகைய செய்திகளை வெளியிடும்போது மாதிரி எவ்வாறு தயாரிக்கப்பட்டது, அதில் அணுக்கள் இடம் மாறிக் கலந்துள்ளனவா, எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலை வரை அளந்தார்கள் என்ற மூன்று விவரங்களையும் கேட்டு எழுதுமாறு அறிவியல் செய்தியாளர்களைப் பணிவுடன் வேண்டுகிறேன். உலை முன் காத்திருந்து படிகம் வளர்ப்பவர்களின் பணியைப் பற்றித் தனிக் கட்டுரையொன்றும் வெளியிட்டால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
இயற்பியல் பேராசிரியர் (ஓய்வு),
திருச்சிராப்பள்ளி