அண்ணி, அந்தக் கணக்குப் புத்தகத்தை எட்டரைக்கு மூடிவிடுங்கள்

அன்புள்ள அண்ணிக்கு,

"பிறை நகரில் வேலை முடிந்து வீடு வரவே ஏழரை ஆகிறது. சோறு வடித்து, பிள்ளைகளைக் குளிக்க வைத்து உட்கார்ந்தால் வீட்டுப்பாடம்: கணக்கில் இரண்டு பக்கம், மலாயில் ஒரு பக்கம், தமிழில் உறுப்பெழுத்துப் பயிற்சி. பத்து மணிக்குச் சின்னவளும் அழுகிறாள், நானும் அழுகிறேன். விட்டுவிட்டால் பின்தங்கிப்போவாளா?" என்று கேட்டீர்கள். அண்ணனும் அம்மாவும் ஆளுக்கொன்று சொன்னதில் என் பதில் காணாமல் போய்விட்டது. என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் பலரும் இதையே கேட்பதால், உங்கள் சம்மதத்தோடு எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பின்தங்க மாட்டாள், அண்ணி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு இருபது நிமிடம் போதும். அதற்கு மேல் இழுத்துப் பிடித்தால் கணக்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். அப்படியே நாலாம் ஆண்டுக்கு வந்து நிற்கும் பிள்ளைகளை வருடந்தோறும் பார்க்கிறேன்.

இருபது நிமிடம் என்பது என் சொந்தக் கணக்கில்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு வகுப்பாண்டுக்கும் தினம் பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறார்கள். முதலாம் ஆண்டுக்குப் பத்து, இரண்டாம் ஆண்டுக்கு இருபது. டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும், 1987 முதல் 2003 வரை அங்கு நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். இடைநிலைப்பள்ளியில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு தெரிந்தது. தொடக்கப்பள்ளியில் அது மிக மெலிந்திருந்தது. கூப்பர் வீட்டுப்பாடத்துக்கு எதிரி அல்ல, நானும் அல்ல. நானும் கொடுக்கிறேன். சின்னப் பிள்ளைக்குச் சின்ன அளவாகக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

எதிர்வீட்டுச் சீனப் பையன் தினம் பத்துப் பக்கம் எழுதுகிறான் என்றீர்கள். சீனாவிலேயே 2021 ஜூலையில் விதி போட்டார்கள்: முதல் இரண்டு வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் கூடாது, மூன்று முதல் ஆறு வரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நம் மலேசியாவிலும் படிநிலை ஒன்றுக்கான, அதாவது முதல் மூன்று ஆண்டுக்கான தேர்வு 2019-லேயே போயிற்று, ஆறாம் ஆண்டு அரசுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021-ல் போயிற்று. தேர்வுக்காக வாங்கிய பயிற்சிப் புத்தகங்கள்தான் இன்னும் பையை விட்டுப் போகவில்லை.

இன்னொன்று. நீங்கள் மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவீர்கள், வாசிக்க எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கும். அண்ணன் லாரியை நிறுத்திவிட்டு வர நேரமாகிவிடும். இப்படிப்பட்ட வீடுகள் என் வகுப்பில் நிறைய. சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் வீட்டில் அரை மணியில் முடியும் பாடம், ஆள் இல்லாத வீட்டில் தூக்கத்தைத் தின்கிறது. மறுநாள் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருத்துகிறோம். நான் மதிப்பெண் போடுவது பிள்ளைக்கா, வீட்டுக்கா? ஆசிரியர்கள் நாங்கள் இதைக் கூடிப் பேசியே ஆக வேண்டும்.

மீதி நேரத்துக்கு ஏணியும் பாம்பும் எடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள், வசதி குறைந்த வீட்டுப் பாலர் பள்ளிப் பிள்ளைகளை ஒன்று முதல் பத்து வரை எண் போட்ட பலகையில் காய் நகர்த்தி விளையாட வைத்தார்கள். 2008-ல் வந்த ஆய்வு. இரண்டு வாரத்தில் எல்லாம் சேர்த்து ஒரு மணி நேர விளையாட்டுதான். எண்ணை அடையாளம் காண்பது, எது பெரிது என்பது, வரிசையாக எண்ணுவது என எல்லாவற்றிலும் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் நிறம் பூசிய பலகையில் விளையாடிய பிள்ளைகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் 23-ல் நிற்கிறது, நாலு விழுகிறது. "ஒன்று, இரண்டு, மூன்று, நாலு" என்று நகர்த்த விடாதீர்கள். "24, 25, 26, 27" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லியே நகர்த்தட்டும். நீங்களும் உங்கள் முறையில் அப்படியே சொல்லுங்கள். பாம்பு கடித்து 64-லிருந்து 38-க்கு இறங்கினால் எத்தனை போயிற்று என்று அவளே புலம்பிக்கொண்டு கணக்கிடுவாள். பயிற்சிப் புத்தகத்தின் கழித்தலும் அதுதான்.

அம்மா வீட்டு அலமாரியில் ஒரு சொங்காக் பலகை தூங்குகிறது, எடுத்துக்கொள்ளுங்கள். நம் பல்லாங்குழியின் உடன்பிறப்பு. பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஏழு கொட்டை, மொத்தம் 98. கடைசிக் கொட்டை பலகை ஓரத்தில் இருக்கும் தன் 'வீட்டுக்' குழியில் விழுந்தால் மறு ஆட்டம் கிடைக்கும். அந்த ஆசைக்காகவே எந்தக் குழியில் தொடங்கலாம் என்று கண்ணாலேயே எண்ணப் பழகுவாள்.

தமிழுக்கு நீங்கள் வாசிக்கவே வேண்டாம், உங்கள் வாய் போதும். படகில் பினாங்குத் தீவுக்குப் போகும்போது சொல் தொடர் விளையாடுங்கள். மயில் என்றால் 'ல'-வில் அவள் சொல்ல வேண்டும். லட்டு, லாரிக்குப் பிறகு திணறுவாள். அடுத்த முறை உங்களை 'ல'-வில் மாட்டிவிட, 'ல்' என்று முடியும் சொற்களைத் தேடித் திரிவாள் பாருங்கள். லிட்டில் இந்தியாவில் கடைப் பலகைகளை அவள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். மின்சார நிலைய வேலியில் நாலு மொழியில் தொங்குமே, அந்த 'அபாயம்' கூட வாசிப்புப் பாடம்தான். அவள் உங்களுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கட்டுமே! என் வகுப்பில் ஓர் அம்மா அப்படித்தான் பிள்ளையிடம் படித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையின் நிமிர்வைப் பார்க்க வேண்டும்.

பேரங்காடி ரசீதையும் விடாதீர்கள். ஒரு சென் நாணயம் புழங்குவதில்லை என்பதால் 12.93 வெள்ளி 12.95 ஆகும், 12.92 என்றால் 12.90. ஏன் என்று அவளே கேட்பாள். தோசைக்கு நாலு கப் அரிசிக்கு ஒரு கப் உளுந்து. பாதி மாவு போதுமென்றால் எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஆட்டம் முடிந்ததும் "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டுவிடாதீர்கள். அந்த ஒரு கேள்வியில் விளையாட்டும் வீட்டுப்பாடமாகிவிடும். இரவில் ஒரு கதை மட்டும் எந்த மொழியிலாவது தவறாமல் இருக்கட்டும்.

பெரியவன் விஷயம் வேறு. படிவம் ஒன்றுக்கு, அதாவது இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்டான், அவனுக்கு ஒரு மணி நேரமும், கைப்பேசி இல்லாத மேசையும் வேண்டும்.

நாளைக்கே தொடங்குங்கள். கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். மூடும்போது நோட்டின் ஓரத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ இப்படி எழுதிக் கையெழுத்திடுங்கள்: "இருபது நிமிடம் செய்தாள். ஆறு கணக்கு முடிந்தது. கடன் வாங்கிக் கழிப்பது புரியவில்லை." எந்த ஆசிரியருக்கும் இது அழுதுகொண்டே நிரப்பிய இரண்டு பக்கத்தைவிடப் பயன்படும், அவள் எங்கே தடுக்குகிறாள் என்று தெரிந்துவிடுகிறதே. டீச்சர் கோபித்தால் எனக்குச் சொல்லுங்கள், பள்ளி விட்டதும் நானும் உங்களோடு வந்து பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்
பட்டர்வொர்த்