டாக்டர் ஃபோன் போட்டால் ஃபேக்ஸ் வந்து சேர வேண்டும்

சென்னை

அன்புள்ள ரகு,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் பெண் கல்லூரியில் சேர்ந்தது சந்தோஷம். என்ன படிப்பு என்று எழுதாமல் விட்டுவிட்டாயே! பாஸ்கர் ரிடையர் ஆகி வயலின் கற்றுக்கொள்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் அவனோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

இனி நீ கேட்ட விஷயம். நியூ ஜெர்சியில் நீ பார்த்துக்கொள்ளும் க்ளினிக்கின் மூன்று டாக்டர்களும் நர்சிங் ஹோம்களுக்கு, அதாவது முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு, சுற்றுப் போகிறார்கள். லேப் அறிக்கையோ க்ளினிக் ஃபேக்ஸில் கிடக்கிறது. போன இடத்தில் இருப்பது ஒரு ஃபோனும் நர்ஸ் மேஜையருகே ஒரு ஃபேக்ஸ் மெஷினும். டாக்டர் க்ளினிக் எண்ணுக்கு ஃபோன் போட்டு, குரல் செய்திகளைக் கேட்டு, வந்திருக்கும் ஃபேக்ஸை அங்கேயே வரவழைக்க வேண்டும். 'செல்ஃபோனில் ஆப் போதாதா' என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அங்கே நோயாளியின் ஃபைலில் தாள் ஏறினால்தான் காரியம் நடக்கும் என்பது உனக்குத் தெரியும்.

1990களில் இதையே யூனிஃபைட் மெசேஜிங் என்று பெரிய விலைக்கு விற்றார்கள். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2007இல் மெயிலை ஃபோனில் வாசித்துக் காட்டும் வசதிகூட இருந்தது. எக்ஸ்சேஞ்ச் 2019இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். உன்னிடம் ஏற்கெனவே ஆஸ்டெரிஸ்க் என்ற ஃபோன் சர்வர் மென்பொருள் ஓடுகிறது, அது போதும். குரல் பகுதி அரை நாள் வேலை. ஃபேக்ஸ்தான் உயிரை வாங்கும். அதனால் குரலைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

வெளியிலிருந்து வரும் அழைப்பை, செய்தி கேட்க வைக்கும் கட்டளையான வாய்ஸ்மெயில் மெயினுக்கு நேராக அனுப்பாதே. முதலில் விஎம் ஆதென்டிகேட் என்ற கட்டளையில் மெயில்பாக்ஸ் எண்ணையும் பின் என்னும் ரகசிய எண்ணையும் வாங்கு. அதில் தேறியவருக்கு உன் சொந்த மெனு: 1 அழுத்தினால் குரல், 2 அழுத்தினால் ஃபேக்ஸ். 1க்கு வாய்ஸ்மெயில் மெயினை 'எஸ்' ஆப்ஷனோடு கூப்பிட்டால் இரண்டாம் முறை பின் கேட்காது. உள்ளே வழக்கமான பொத்தான்கள்தான்: 5 மறுபடி கேட்க, 6 அடுத்தது, 7 அழிக்க, 9 சேமிக்க. பதிவை வேவ் 16 பிட்டில் வைத்தால் நிமிடத்துக்கு 960 கேபி ஆகும். ஜிஎஸ்எம்மில் 99 கேபி. டிஸ்க் இப்போது மலிவு, வேவிலேயே வை. மருந்தின் பெயரும் அளவும் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

இங்கே வரக்கூடிய ஒரே பெரிய தொல்லை பொத்தான் ஒலி. 5ஐ அழுத்தினால் 770, 1336 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். ஜி.729 போன்ற சுருக்கும் கோடெக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது; அதன் வழியே போனால் இந்த ஒலி சிதைந்துவிடும். ஃபோன் கம்பெனியோடு உள்ள இணைப்பில், அதாவது ட்ரங்க்கில், ஒலியைக் கெடுக்காத ஜி.711 மியூ-லா மட்டும் வைத்து, டிடிஎம்எஃப் (பொத்தான் ஒலி) முறையை ஆர்எஃப்சி 4733 என்று குறி; அதில் பொத்தான் ஒலியாக இல்லாமல் தனிப் பாக்கெட்டாகப் போகும். சில கம்பெனிகள் பொத்தானைத் தனிப் பாக்கெட்டாகவும் அனுப்பும், ஒலியையும் உள்ளேயே விட்டுவைக்கும். உன் பக்கம் இரண்டையும் கேட்கும்படி அமைத்திருந்தால் 4512 என்பது 44551122 என்று விழும், டாக்டரோ 'பின் தப்பு என்கிறது' என்பார். ரீட் கட்டளை கொண்டு நாலு இலக்கம் வாங்கி லாகில் எழுதிப் பார், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி ஃபேக்ஸ். ஃபேக்ஸ் வருவதற்கு ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு தனி எண் வாங்கு. ஒரே எண்ணில் குரலையும் ஃபேக்ஸையும் பிரிக்க ஃபேக்ஸ் டிடெக்ட் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அழைப்பை எடுத்து, 1100 ஹெர்ட்ஸ் ஒலி வருகிறதா என்று சில நொடி காத்திருக்க வேண்டும். அந்த ஒலி அரை நொடி கூவும், 3 நொடி சும்மா இருக்கும். கையால் டயல் செய்து அனுப்பும் பழைய மெஷின் சிலவற்றில் அது வரவே வராது. மாதம் ஓரிரண்டு டாலர் மிச்சம் பிடிக்கப் போய் லேப் அறிக்கை வாய்ஸ்மெயிலில் கீச்சென்று பதிவாவது வேண்டாம்.

அந்த எண்ணுக்கு வரும் அழைப்பு ரிசீவ் ஃபேக்ஸ் கட்டளைக்குப் போகட்டும். சிறிய 'எஃப்' ஆப்ஷன் கட்டாயம் போடு. டி.38, அதாவது ஃபேக்ஸை ஒலியாக இல்லாமல் டேட்டாவாகவே இணையத்தில் அனுப்பும் முறை, ஒத்துவராவிட்டால் அப்போதுதான் ஒலி வழியே முயலும். ஒன்றைக் கவனி: எதிர்முனை ஃபோனை வைத்ததும் டயல் ப்ளான் (அழைப்பை நடத்தும் கட்டளை வரிசை) 'எச்' எக்ஸ்டென்ஷனுக்குத் தாவிவிடும். ரிசீவ் ஃபேக்ஸுக்கு அடுத்த வரியில் எழுதுவதெல்லாம் ஓடாமலே போகலாம். நிலையைப் பார்ப்பது, பக்க எண்ணிக்கையைக் குறிப்பது, ஃபேக்ஸ் வந்திருக்கும் டிஃப் படக் கோப்பைப் பெயர் மாற்றி டாக்டரின் ஃபோல்டரில் போடுவது எல்லாம் 'எச்'சில் இருக்கட்டும். மூல டிஃப்பை அழிக்காதே. திரும்ப அனுப்பும்போது அதையே அனுப்பலாம். பிடிஎஃப் ஆக்கி மறுபடி டிஃப் ஆக்கினால் எழுத்து மங்கும்.

அனுப்பியவர் யார் என்று சொல்ல, ஃபேக்ஸ் மெஷின் தன்னைப் பற்றி அனுப்பும் 20 எழுத்து அடையாளத்தை நம்பாதே. பாதிப் பேர் அதை நிரப்புவதே இல்லை. அழைத்த எண்ணைக் கொண்டு உன்னிடமுள்ள லேப் பட்டியலில் தேடு. டாக்டர் 2 அழுத்தினால் 'புதிய ஃபேக்ஸ் மூன்று. முதலாவது, இன்ன லேப், இரண்டு பக்கம், காலை 9.40' என்று வந்தால் போதும். எழுத்தை அடையாளம் கண்டு உள்ளடக்கத்தையே வாசித்துக் காட்டலாமே என்று எழுதியிருந்தாய். வேண்டாம். சாதாரண ஃபேக்ஸின் நெடுக்குத் தெளிவு அங்குலத்துக்கு 98 வரிதான். அந்தத் தாளிலிருந்து பொட்டாசியம் அளவை இயந்திரம் வாசித்து டாக்டர் காதில் போடுவது ஆபத்து. கண்ணால் பார்க்க வேண்டியதைத் தாளிலேயே கொடு.

அனுப்ப இரண்டு வழி உண்டு. டாக்டர் ஃபேக்ஸ் மெஷினின் ரிசீவரிலிருந்தே பேசினால் அதே அழைப்பில் அனுப்பலாம்: 'ஸ்டார்ட் அழுத்துங்கள்' என்று குரல் சொல்லும், சர்வர் சென்ட் ஃபேக்ஸை ஓட்டும். நர்சிங் ஹோம்தான் அழைத்தது என்பதால் அழைப்புச் செலவும் உனக்கில்லை. ஆனால் ஃபீடரில் ஏதாவது தாள் இருந்தால் ஸ்டார்ட் அழுத்தியதும் அந்த மெஷின் வாங்குவதற்குப் பதில் அனுப்பத் தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் அனுப்பவே பார்க்கும், ஒன்றும் நடக்காது. 'ஃபீடரில் தாள் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஒரு வரியைப் பதிவில் சேர்த்துவிடு.

இரண்டாவது வழி, அழைப்பை வைத்தபின் சர்வரே அந்த ஃபேக்ஸ் எண்ணை அழைப்பது. பெரும்பாலும் இதுதான் பயன்படும். யாரை அழைக்க வேண்டும் என்று சொல்லும் கால் ஃபைல் ஒன்றை எழுதி அவுட்கோயிங் ஃபோல்டருக்கு நகர்த்தினால் ஆஸ்டெரிஸ்க் அழைக்கும். அந்த ஃபோல்டருக்குள்ளேயே எழுதாதே. பாதி எழுதியதை எடுத்துவிடும். அதே டிஸ்க்கில் வேறிடத்தில் எழுதி முடித்து நகர்த்து. இன்னொன்று: கால் ஃபைலில் உள்ள மறுமுயற்சி எண்ணிக்கை, எதிர்முனை எடுக்காதபோது மட்டும்தான் வேலை செய்யும். எடுத்து, பாதிப் பக்கத்தில் அறுந்தால் ஆஸ்டெரிஸ்க்குக்கு அது வெற்றிகரமான அழைப்பு. அதனால் கால் ஃபைலில் நேராக சென்ட் ஃபேக்ஸைக் குறிக்காமல் டயல் ப்ளானின் ஒரு தனிப் பகுதிக்கு, அதாவது கான்டெக்ஸ்டுக்கு, அனுப்பு. அங்கே ஃபேக்ஸ் நிலையைப் பார்த்து, தோல்வி என்றால் புதிய கால் ஃபைல் எழுது. கோப்பின் நேரத்தை இப்போதிலிருந்து ஐந்து நிமிடம் கழித்து என்று வைத்தால் அதுவரை ஆஸ்டெரிஸ்க் அதைத் தொடாது. மூன்றாம் முறையும் போகாவிட்டால் டாக்டரின் மெயில்பாக்ஸில் ஒரு குரல் குறிப்பு போடு. பக்கத் தலைப்பில் க்ளினிக் பெயர், எண், தேதி, நேரம் வர வேண்டும் என்பது அங்கே சட்டம். தலைப்பு வரியையும் நிலைய அடையாளத்தையும் ஃபேக்ஸ் ஆப்ட் என்ற அமைப்பில் நிரப்பிவிடு.

இப்போது கோளாறுகள். டி.38க்கு ஆஸ்டெரிஸ்க் 4000 முதல் 4999 வரையுள்ள யுடிபி போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் குரலுக்கான 10000–20000 மட்டும் திறந்திருக்கும். விளைவு வேடிக்கையாக இருக்கும்: மணி போகும், அழைப்பு இணையும், எதிர்முனை கூவும், டி.38க்கு மாறியதும் இரண்டு பக்கமும் மௌனம். ஏறக்குறைய 35 நொடியில் அறுந்து, பக்கம் பூஜ்யம் என்று லாகில் விழும். அந்த 35 நொடி, ஃபேக்ஸ் மெஷின்களின் நெறிமுறையான டி.30இன் முதல் டைமர். அந்த எண்ணைப் பார்த்தாலே போர்ட்டைத் திற. மாறாக ட்ரங்க் பக்கத்திலிருந்து 488 என்று பதில் வந்தால், கம்பெனி டி.38ஐ ஏற்கவில்லை என்று அர்த்தம்; விளம்பரத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி.

ஒலி வழியே போக நேர்ந்தால் கணக்கைப் பார். ஒரு பாக்கெட்டில் 20 மில்லி நொடி ஒலி. நொடிக்கு 14400 பிட் வேகத்தில் அது 288 பிட். பேச்சில் ஒரு பாக்கெட் தொலைந்தால் காதுக்குத் தெரியாது. ஃபேக்ஸில் சில வரிகள் போய்விடும். பக்கத்துக்கு முன்னால் ஒன்றரை நொடி சோதனை ஓட்டம் உண்டு. அது கெட்டால் 12000, 9600, 7200 என்று இறங்கிக்கொண்டே போவார்கள். நேரம்தான் வீண். ஒலி வழிக்கு முதலிலேயே 9600 என்று உச்சவரம்பு வை. உன் பக்க அடாப்டரில் மௌனம் அடக்கும் வசதியை அணை, பாக்கெட்டுகளைச் சற்றே தேக்கிச் சீராக விடும் ஜிட்டர் பஃபரை நிலையாக வை. அழைப்பின் நடுவே அது நீண்டு சுருங்கினால் மோடம் தடுமாறும். நர்சிங் ஹோம் மெஷின்களில் சூப்பர் ஜி3 என்ற அதிவேக முறை இருந்தால் நிறுத்தச் சொல். ஆஸ்டெரிஸ்க்கின் ஃபேக்ஸ் வேலையைச் செய்யும் ஸ்பேன்டிஎஸ்பிக்கு அந்த 33600 வேகம் தெரியாது, பேரம் பேசியே நேரம் போகும்.

பிழைதிருத்தத்தை, அதாவது ஈசிஎம்மை, நிறுத்தினால் அதிகம் பக்கங்கள் போய்ச் சேரும் என்று பலர் சொல்வார்கள். உண்மைதான். அது இல்லாதபோது கெட்ட வரியை மெஷின் மேல்வரியால் நிரப்பிவிட்டுப் போய்விடும். கடிதத்துக்கு அது சரி. லேப் அறிக்கையில் 3 என்பது 8 ஆகத் தெரிந்தால் என்ன செய்வாய்? ஈசிஎம் இருக்கட்டும். கெட்டதை வராமலே தடுத்தால் டாக்டர் மறுபடி கேட்பார். தப்பாக வந்தால் கேட்க மாட்டார்.

கடைசியாக, நான் பிடிவாதமாகச் சொல்லப்போவது. போக வேண்டிய ஃபேக்ஸ் எண்ணை டாக்டரை அடிக்க விடாதே. பத்து இலக்கத்தில் ஒன்று தவறினால் நோயாளியின் அறிக்கை ஏதோ ஒரு கடையில் அச்சாகும். நோயாளி விவரங்களின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா சட்டத்தில் அதற்கு க்ளினிக்தான் பதில் சொல்ல வேண்டும். அதோடு, பின்னைக் கண்டுபிடித்த திருடனுக்கு உன் ட்ரங்க் இலவச ஃபோன் பூத் ஆகிவிடும். வெளிநாட்டு அழைப்புக்கான 011ஐத் தடுத்துவிட்டேன் என்று இருந்துவிடாதே. 876 ஜமைக்கா, 284 பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள். இரண்டும் உள்நாட்டு எண் மாதிரியே பத்து இலக்கத்தில் போகும், பில் வெளிநாட்டுக் கட்டணத்தில் வரும். டாக்டர்கள் போகும் நர்சிங் ஹோம்களுக்கு இரண்டிலக்கக் குறியீடு கொடு. 14 அழுத்தினால் 'இன்ன இல்லம்' என்று பெயரைச் சொல்லி, 1 அழுத்தியபின்தான் அனுப்ப வேண்டும். புதிய இடம் சேர்க்க வேண்டுமானால் அலுவலகத்துக்குச் சொல்லட்டும்.

பின் ஆறு இலக்கத்துக்குக் குறையக்கூடாது. மெயில்பாக்ஸ் எண்ணையே பின்னாக வைத்துத் தொடங்காதே. அழைக்கும் எண்ணைப் பார்த்து பின் கேட்காமல் விடுவதும் வேண்டாம். அந்த எண்ணைப் போலியாகக் காட்டுவது எளிது. 2011இல் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் பத்திரிகை மூடப்பட்டதற்குக் காரணமான அந்த வாய்ஸ்மெயில் ஒட்டுக்கேட்பில், யாரும் மாற்றாமல் விட்ட ஆரம்ப பின்கள்தான் பெருமளவு உதவின. மெயிலில் அறிவிப்பு மட்டும் போகட்டும், ஒலிக்கோப்போ பிடிஎஃப்போ இணைக்காதே. பழைய ஆல்-இன்-ஒன் பிரின்டர் ஏதாவது ஃபேக்ஸ் லைனிலும் க்ளினிக் நெட்வொர்க்கிலும் ஒருசேர இருந்தால் ஒன்றிலிருந்து பிடுங்கு. ஃபேக்ஸ் லைன் வழியாகவே ஹெச்பி பிரின்டருக்குள் புகுந்து காட்டினார்கள் செக் பாயின்ட்காரர்கள், 2018இல்.

டயல் ப்ளானில் கை வைக்கும்போது அவசர எண்ணான 911 எந்த முன்னெண்ணும் இல்லாமல் நேரே போகிறதா என்றும் பார்த்துவிடு. அமெரிக்காவின் காரி சட்டப்படி 2020 பிப்ரவரிக்குப் பின் நிறுவிய அமைப்புக்கு அது கட்டாயம்.

முதலில் ஒரு நர்சிங் ஹோமோடு மட்டும் ஓட்டிப் பார். ஒரு பக்கம் ஒன்று, பத்துப் பக்கம் ஒன்று, புள்ளி புள்ளியாகச் சாம்பல் நிறப் படம் நிறைந்த பக்கம் ஒன்று அனுப்பு. கடைசியது கோப்பிலும் நேரத்திலும் பல மடங்கு வீங்கும். ஃபேக்ஸ் டிபக் லாகையும் ட்ரங்க்கின் சிப் ட்ரேஸையும் (அழைப்பை இணைக்க நடந்த பரிமாற்றத்தின் பதிவு) அனுப்பி வை. நோயாளி பெயர் உள்ள பக்கம் எதுவும் அதோடு வர வேண்டாம்.

அன்புடன்,
மணி