கையெழுத்துக்கு முன் ஓர் உரையாடல்

ஆசிரியருக்கு,

சிசேரியன் பிரசவங்கள் பெருகுவது குறித்த தங்கள் செய்தியைப் படித்தேன். விழுக்காட்டைக் குறைப்பது பற்றியே அதில் பேச்சு. ஆனால் குறிப்பிட்ட விழுக்காட்டை எட்டுவதைவிட, தேவைப்படும் பெண்களுக்கு அறுவை சிகிச்சை கிடைக்கச் செய்வதே முக்கியம் என்று உலக சுகாதார நிறுவனமே 2015-ல் சொன்னது. தாய்க்கு என்ன சொல்லப்பட்டது, எப்போது சொல்லப்பட்டது என்பதுதான் என் கவலை. என் முதல் பிரசவத்தில் வலி உச்சத்தில் இருந்தபோது ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்திட்டேன். அறுவை தேவைப்பட்டிருக்கலாம், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் கருப்பைத் தழும்பின்மேல் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி ஆழமாக ஒட்டி வளரும் அபாயம் கூடும் என்பதை, இரண்டாவது முறை கருவுற்ற பிறகுதான் அறிந்தேன். சுகப்பிரசவத்திலும் தசை கிழிதல், அப்புறம் சிறுநீர்க் கசிவு போன்ற தொல்லைகள் உண்டு. அவற்றையும் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஏழாம் மாதப் பரிசோதனையிலேயே இரு வழிகளின் நன்மை தீமைகளையும், ஒரு சிசேரியனுக்குப் பின் சுகப்பிரசவம் சாத்தியமா என்பதையும் மருத்துவர் உட்கார்ந்து பேச வேண்டும். நேரமில்லையா, சரி, பயிற்சி பெற்ற செவிலியர் பேசட்டும். பேசியதை எளிய மொழியில் ஒரு தாளில் எழுதிக் கர்ப்பிணியின் கையில் கொடுத்து அனுப்பட்டும்.

இப்படிக்கு,
இரு குழந்தைகளின் தாய்