தமிழ் எழுத்துரு வரைகிறவர்களே, 16 கட்ட உயரத்தில் ஒன்று கொடுங்கள்

தமிழில் ஃபாண்ட் வரைந்து இணையத்தில் விடுகிற எல்லோருக்கும் காட்பாடியிலிருந்து வணக்கம். கல்யாணப் பத்திரிகைக்கு, சினிமா போஸ்டருக்கு, கட்சி பேனருக்கு என்று வாலும் சுழியுமாக எத்தனையோ கொடுத்துவிட்டீர்கள், நன்றி, அதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்கப்போவது ரொம்பச் சின்னது. நிஜமாகவே சின்னது, 16 பிக்சல் உயரம்தான்.

பகலில் எல்இடி போர்டு மாட்டுவதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. ராத்திரி கொஞ்சம் கோட் எழுதுவேன். என் திரையில் இன்றைக்கும் பழைய ஐபிஎம் கணினியின் 8×16 பிக்சல் எழுத்துதான் ஓடுகிறது, சில நாள் மனசு கேட்காமல் விடி323-க்கு மாறுவேன் (டெக் கம்பெனியின் பழைய விடி320 டெர்மினல் திரையின் எழுத்தைப் பார்த்துச் செய்த ஃபாண்ட் அது). பழசு மேல் இருக்கிற பாசம் ஒரு காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த எழுத்துகளில் ஒவ்வொரு பிக்சலையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து வைத்திருக்கிறார். சுழியத்துக்குள் கோடோ புள்ளியோ போட்டு அதை ஓ-விலிருந்து பிரித்திருப்பார், ஒன்றுக்குக் கால் வைத்து எல்-லிலிருந்து பிரித்திருப்பார். மட்டமான மானிட்டரில்கூடக் கண் குழம்பாது. ஆங்கிலத்துக்கு இந்த மாதிரி பிக்சல் ஃபாண்ட் எத்தனை வேண்டும் உங்களுக்கு? டெர்மினஸ், பழைய நாம்கோ ஆர்கேட் விளையாட்டுகளின் எழுத்தைக் கொண்டுவந்த பிரஸ் ஸ்டார்ட் 2பி, விண்டோஸின் பழைய ஃபிக்ஸ்ட்சிஸ், சொல்லிக்கொண்டே போகலாம்.

சரி, கதைக்கு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற லாட்ஜ்களைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குவதால் பெயர்ப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கும். அப்படி ஒரு லாட்ஜ் வாசலுக்கு ஓடுகிற எழுத்துப் பலகை கேட்டார்கள். பி10 பேனல் நாலு, ஒவ்வொன்றும் 32×16 பிக்சல், வரிசையாக மாட்டி, சின்ன மைக்ரோகண்ட்ரோலர் ஒன்றில் நானே புரோகிராம் எழுதி, யூனிகோட் தமிழை நேராக ஓடவிட்டேன். "காட்பாடி" அழகாக வந்தது. "வேலூர்" வரவில்லை. வ தனியாக நின்றது, அதோட இரட்டைக் கொம்பு ல-வுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொண்டது, பின்னால் ஊகாரக் குறி ஒன்று எந்த எழுத்திலும் சேராமல் வால் மாதிரி தொங்கியது. "வலே" என்னமோ என்று படித்துவிட்டு லாட்ஜ்காரர் கேட்டார்: "இன்னா தம்பி, வேலூர்ல உக்காந்துகினு வேலூர எழுத வரலியா?"

ஏன் காட்பாடி தப்பித்தது, வேலூர் மாட்டிக்கொண்டது? யூனிகோடில் வ முதலில், ஏகாரக் குறி அதற்குப் பின்னால் இருக்கும். திரையில் அதைத் தூக்கி முன்னால் வைப்பது கணினியில் இருக்கிற வேறொரு நிரல் செய்கிற வேலை, அதே நிரல்தான் ல-வையும் ஊகாரக் குறியையும் சேர்த்து லூ என்ற ஒரே வடிவமாக மாற்றுகிறது. என் மைக்ரோகண்ட்ரோலர் சில்லுக்குள் அந்த நிரல் கிடையாது, வந்த வரிசையிலேயே வரைந்துவிட்டுப் போகும். காட்பாடியில் காலும் இகரக் கொக்கியும் எழுத்துக்குப் பின்னால்தானே வருகின்றன, அதனால் பிழைத்தது. வரிசை மாற்றுகிற வேலையை நானே நாற்பது ஐம்பது வரியில் எழுதிவிட்டேன், அது பெரிய வித்தை இல்லை. ஆனால் வரைய லூ வேண்டுமே, அது எங்கே?

கையில் கிடைத்தது குனூ யூனிஃபாண்ட். 1998-இல் ரோமன் சிபோரா தொடங்கியது, உலகத்தில் இருக்கிற எழுத்துகளையெல்லாம் 8×16 அல்லது 16×16 கட்டத்துக்குள் அடக்கப் பார்க்கிற அசாத்தியமான வேலை, அவர்களைக் குறை சொன்னால் வாய் அழுகிப்போகும். ஆனால் ஒரு குறியெண்ணுக்கு (யூனிகோட் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கொடுத்திருக்கிற எண்) ஒரு வடிவம் என்பதுதான் அவர்கள் கணக்கு. லூ-வுக்குத் தனிக் குறியெண் இல்லை, அதனால் அங்கே லூ-வுக்கு இடமில்லை. அப்புறம் கணினியில் இருக்கிற நல்ல தமிழ் ஃபாண்ட் ஒன்றை 16 பிக்சலுக்குச் சுருக்கிப் பார்த்தேன். மெல்லிய கோடெல்லாம் காணாமல் போனது. ணகரம் ஒரு கரும்புள்ளிக் கூட்டமாக, மிதிபட்ட மரவட்டை மாதிரி கிடந்தது. பெரிய எழுத்தைச் சுருக்கினால் சின்ன எழுத்து வராது, கட்டம் கட்டமாக வரைந்தால்தான் வரும் என்று அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது.

ஆரணியில் என் தாய்மாமா பட்டுத் தறிக்காரர், கரைக்கும் முந்திக்கும் டிசைன் போடுவதும் அவர்தான். கிராஃப் தாளில் சிவப்பு மை வைத்த கட்டத்துக்கு அட்டையில் துளை, துளை இருக்கிற இடத்தில் ஜக்கார்டு பெட்டியின் கொக்கி இழையைத் தூக்கும். 240 கொக்கி என்றால் 240 கட்டத்துக்குள் மயிலும் மாங்காயும் வந்தாக வேண்டும். என் நோட்டை வாங்கி நான் வரைந்த ழகரத்தைப் பார்த்தார், ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. "கோணையா இழுக்காதடா. ரெண்டு கட்டம் போ, ஒரு கட்டம் எறங்கு, மறுபடியும் ரெண்டு கட்டம் போ. ஒரு எடத்துல மூணு போனின்னா கண்ணு அங்கியே நிக்கும்." முதல் மேக்கின்டாஷுக்காக சிகாகோ எழுத்தை வரைந்த சூசன் கேர், ஐகான்களை முதலில் கட்டம் போட்ட நோட்டில்தான் வரைந்து பார்த்தாராம். அவரும் எங்கள் மாமாவும் உட்கார்ந்து பேசினால் மொழி தெரியாமலே பேசி முடித்துவிடுவார்கள்.

வரைய ஆரம்பித்தால்தான் தமிழின் சிக்கல் எங்கே என்று தெரிகிறது. எல்லோரும் ணகரத்தைச் சொல்வார்கள். அது அகலத்தைத்தான் கேட்கிறது, 11 கட்டம் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டது. என் தூக்கத்தைக் கெடுத்தது ர-வும் காலும் (ா). ஆங்கிலத்துக்கு சுழியமும் ஓ-வும் எப்படியோ அப்படி நமக்கு இது. ரகரத்தின் அடியில் சாய்கிற அந்தச் சின்னக் கோடு ஒரே ஒரு பிக்சல்தான், அது அணைந்தால் "மரம்" "மாம்" ஆகிவிடும். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் அதே கதை. வீரமாமுனிவர் மேலே சுழித்துவிட்ட அந்தச் சுழிக்குக் குறைந்தது மூன்று கட்டமாவது ஒதுக்கினால்தான் "செவலை"யும் "சேவலை"யும் பிரியும். மெய்யின் புள்ளியை ஒரு பிக்சலாக வைத்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்இடி ஒன்று பழுதாகி வீணாக எரிகிறது என்றுதான் தோன்றும், அதனால் இரண்டுக்கு இரண்டு வைத்தேன். நடு உடம்புக்கு 8 வரி, மேலே கொக்கிக்கும் புள்ளிக்கும் 4, கீழே உகரத்துக்கு 4, ஆக 16. எட்டு வரியில் தமிழ் போடலாம் என்று சொல்கிறவர்கள் "கூழ்" என்று ஒரு தடவை எழுதிக் காட்டட்டும்.

எத்தனை வடிவம் வரைய வேண்டும்? 247 என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி வைத்தது 18, இ ஈ உ ஊ ஏறியவை 72, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று 4. கூட்டினால் 125. ஔகாரத்துக்கு ளகரமே போதும். இதற்கு 1978-இன் சீர்திருத்தத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும், அன்றைக்கு ணா, றா, னா, ணை, னை, லை, ளை இவற்றின் பழைய வடிவங்களும் ணொ, றோ வகையறாவும் சேர்ந்து 13 எழுத்து மாறியிராவிட்டால் பட்டியல் இன்னும் நீண்டிருக்கும். பெரியார் அச்சுக்கோக்கிறவனின் கஷ்டத்தைப் பார்த்துச் சொன்னார், பயன் என் சில்லுக்கும் வந்து சேர்ந்தது. பழைய பிசியின் எழுத்துப் பட்டியலில் இருந்த 256 இடத்தில், ஆங்கிலம் இருக்கிற கீழ்ப் பாதி போக மேல் பாதி 128, அதற்குள் 125 உட்கார்ந்துவிடும். கிரந்தம் சேர்த்தால் தாண்டும், தாண்டட்டும், இன்றைக்கு யாரிடம் அந்தக் காலத்து நெருக்கடி இருக்கிறது?

ஆகவே கேட்பது இதுதான். உங்களில் யாராவது ஒருவர், கை பழகின ஒருவர், இந்த 125-ஐயும் கட்டம் கட்டமாக வரைந்து கொடுங்கள். டிடிஎஃப் (கணினியில் வழக்கமாக ஏற்றுகிற ஃபாண்ட் கோப்பு) மட்டும் கொடுத்தால் எனக்குப் பிரயோஜனமில்லை, எந்தக் கட்டம் எரிகிறது என்று நோட்பேடில் திறந்து பார்க்கிற மாதிரி பிடிஎஃப் வடிவத்திலும் கொடுங்கள் (அடோபி செய்த பிட்மேப் வடிவமான BDF-ஐச் சொல்கிறேன், பத்திரிகை அனுப்புகிற PDF அல்ல). ஓப்பன் ஃபாண்ட் உரிமத்தில் விடுங்கள், கல்லூரிப் பிள்ளைகள் பயமில்லாமல் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பிள்ளைகள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியாது. 16×2 எல்சிடி (வரிக்கு 16 எழுத்தாக இரண்டு வரி காட்டுகிற சின்னத் திரை) ஒன்றை வைத்துக்கொண்டு, 5×8 கட்டத்தில் சொந்தமாக வரைய மொத்தமே 8 எழுத்து இடம்தான் இருக்கும், அதில் "குடியாத்தம்" எழுதப் பார்க்கிறார்கள். கு, டி, ய, கால், த், த, ம், ஏழு வடிவம், அதில் பாதி 5 கட்டத்துக்குள் அடங்காது. கடைசியில் ஆங்கிலத்திலேயே எழுதிவிட்டு மார்க் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

டெர்மினலில் கோட் எழுதுகிறவர்களுக்கும் சேர்த்துச் செய்கிறதாக இருந்தால் ஒரு விஷயம், எல்லா எழுத்தையும் ஒரே அகலத்தில் திணிக்காதீர்கள். ட-வை இழுத்து ண-வை நசுக்கினால் இரண்டும் பாழ். ட, ர, கால் ஒரு ஆங்கில எழுத்தின் அகலம், ண, ஐ, ணூ அதைப்போல இரண்டு மடங்கு, சீன எழுத்துக்குச் செய்கிற மாதிரி. வரி நேராக நிற்கும், எழுத்தும் எழுத்தாக இருக்கும்.

என் நோட்டில் 61 எழுத்து முடிந்திருக்கிறது. லாட்ஜ் பலகையில் இப்போது "வேலூர்" சரியாகத்தான் ஓடுகிறது, "அறை காலி இல்லை"யும் ஓடுகிறது, அதிகமாக ஓடுவது அதுதான் என்கிறார் லாட்ஜ்காரர். ழூ மட்டும் இன்னும் உட்காரவில்லை, அடியில் நாலு வரி போதவில்லை, ஐந்து கொடுத்தால் மேலே கொக்கி இடிக்கிறது. மாமாவிடம் கேட்டேன், அந்த எழுத்து எந்தச் சேலையிலும் வராதுடா என்று சொல்லிவிட்டார். நோட்டை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன், வரைய முன்வருகிறவர் கேட்டால் அப்படியே அனுப்புகிறேன். ழூ-வை எப்படி முடித்தீர்கள் என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள்.